மாத்தளைப் பார்ட்டியும் அரிசி வாளிச் சாமானும்

ஊரில் ஒரு நோய் பரவத் தொடங்கினால் மருந்துக்கு முன்னால் யோசனைகள் வந்து சேரும். அதுவும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குள் நோய் புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆளுக்கொரு யோசனை, யோசனைக்கொரு பெயர், பெயருக்கொரு பயிற்சிப் பட்டறை.

கொரோனா ஊரடங்கின்போது எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் கணினித் திரையில் கூட்டம் நடத்த எனக்குச் சொல்லித் தந்தார்கள். "அங்கிள், ஆக்களை நேரில பாக்காமல் தூரத்தில இருந்து வேலை செய்யிறது உங்களுக்குப் புதுசுதானே?" என்று ஒரு தங்கச்சி மிகுந்த இரக்கத்தோடு கேட்டாள். நான் ஓம் என்று தலையாட்டி வைத்தேன். தூரத்திலிருந்து வேலை செய்யும் முறையை இந்த நாட்டில் கண்டுபிடித்தவனே நான்தான் என்று சொன்னால், கண்டுபிடித்த அன்றே பொலிஸ் ஜீப்பில் ஏற்றப்பட்டதையும் சொல்ல வேண்டி வரும்.

அது யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் சிறிய அமைப்பு இயங்கியது. சுற்றிவளைப்புகளில் பிடிபட்டுத் தடுப்பில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க, அவர்களின் அம்மாமாரை ஒரு வான் வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் பிரதான வேலை. போகிற வழியில் சோதனைச் சாவடிகளில் அவர்களுக்காகச் சிங்களத்தில் கதைப்பதும், திரும்பி வருகிற வழியில் அவர்கள் அழுவதைக் கேட்பதும் அந்த வேலையில் அடக்கம். தலைவி பவானி மிஸ். ஓய்வுபெற்ற ஆசிரியை. நாற்பது வயதுக்காரரையும் வாங்குப் பலகையில் ஏற்றி நிற்க வைத்துவிடுவார் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு இருபத்துநான்கு வயது. வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். பதவி, திட்ட உத்தியோகத்தர். (திட்டு வாங்கும் உத்தியோகத்தர் என்பதன் சுருக்கம் அது.)

அந்த வருடம் கொழும்பு முழுக்கக் கண்நோய் பரவியது. பார்க்கிற இடமெல்லாம் கறுப்புக் கண்ணாடி. நோய் தொற்றும் என்று கூட்டங்களுக்குத் தடை வந்தது. தடுப்பு நிலையத்தில் பார்வையாளர்களை மறு அறிவித்தல் வரை நிறுத்திவிட்டார்கள். பஸ்கள் நிரம்பி வழிந்தன, புறக்கோட்டைச் சந்தை கூடியது, தியேட்டர்களில் படம் ஓடியது. அங்கெல்லாம் பரவாத கண்நோய், அம்மாமார் பிள்ளைகளைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் மட்டும் பரவும் என்று யாரோ ஒரு பெரிய டொக்டர் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எங்கள் வேலை ஆட்களைச் சேர்ப்பது. ஆட்கள் சேரக்கூடாது என்பது உத்தரவு. சரி, கொஞ்ச நாள் பொறுப்போம் என்றால், பணம் தரும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஃபக்ஸ் வந்தது. நிலைமையை முழுமையாகப் புரிந்துகொள்கிறார்களாம். ஆனால் வேலை நிற்கக் கூடாதாம். 'புதிய சூழலுக்கேற்பத் தகவமைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

தகவமைப்பதற்கு ஆள் தயாராக இருந்தான். அதற்கு முதல் மாதம்தான் கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் 'நெருக்கடிக் கால மாற்றுத் திட்டமிடல்' என்ற பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன். அங்கே இரண்டு விஷயங்களைப் படித்தேன். ஒன்று, எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு வரைவது. மற்றது, பயனாளிகளின் இரகசியம் பேணுவது. (இறால் பொரியலை இரண்டாம் தரம் கேட்டு வாங்குவதையும் படித்தேன். அது பாடத்திட்டத்தில் இல்லை.)

"மிஸ், அம்மாமார் போகேலாட்டி அவையின்ர குரல் போகட்டும்" என்றேன். "ஒவ்வொருத்தரும் கசெட்டில கதைக்கட்டும். நான் ரேப் ரெக்கோடரோட கொண்டுபோய் பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டுறன்."

பவானி மிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் தமிழ்ப் பெடியன். தமிழ் கசெட்டுகளோட காலிக்குப் போற வீதியால போகப்போறீர். விளங்கித்தான் கதைக்கிறீரா?"

"ஓம் மிஸ். அங்க ஒரு ஒஃபிசரிட்ட ஃபோன்ல கேட்டனான். கொண்டு வாங்க பாப்பம் எண்டவர்."

"பாப்பம் எண்டது சம்மதமில்லை."

ஆனால் அதற்குள் நான் அம்புக்குறி போட்டு, வெளிநாட்டுக்கு ஃபக்ஸ் அனுப்பி, 'அபாரமான யோசனை' என்று பதிலும் வாங்கியிருந்தேன். மிஸ் கையை விரித்தார்.

அம்மாமார் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். ஒருவர் கசெட்டின் ஒரு பக்கம் முழுக்க அழுதார். பக்கத்தைத் திருப்பிப் போட்டதும் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி தொடங்கினார். இன்னொருவர் இதை வெளிநாட்டுக்கு எடுக்கும் ட்ரங்கோல் என்று நினைத்து, மூச்சு விடாமல் கதைத்து, "வைக்கிறன் ராசா, காசு ஏறுது" என்று முடித்தார். கடைசியாக வந்தவர் செல்லம்மா. மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வீட்டுவேலை செய்தவர். மகன் செல்வம் புறக்கோட்டையில் ஒரு வெங்காயக் கடையில் நின்றவன். சுற்றிவளைப்பில் அடையாள அட்டை கையில் இல்லை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தும் விடவில்லை. அவனுடைய கோப்பை யாராவது ஒரு தடவை திறந்து பாருங்கள் என்று பவானி மிஸ் மாதக்கணக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார். யாரும் திறக்கவில்லை.

செல்லம்மா ரேப் ரெக்கோடரைச் சுற்றிப் பார்த்தார். "இதுல பேசுனா அவனுக்கு இப்பவே கேக்குங்களா தம்பி?"

"இல்லை அம்மா. நான் கொண்டு போய்ப் போட்டால்தான் கேக்கும்."

"அப்ப நீங்க போவப் போறீங்கதானே? நான் சொல்றத நீங்களே சொல்லிட்டு வந்துருங்களேன். நடுவுல எதுக்கு இந்த டப்பா?"

கொள்ளுப்பிட்டிப் பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை. ஆகவே நான் இரகசியத்துக்குத் தாவினேன். நீங்கள் கதைப்பதை நான்கூடக் கேட்கக் கூடாது, அது உங்கள் உரிமை என்று விளக்கி, சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு வெளியே போய் நின்றேன். எல்லா அம்மாமாருக்கும் இப்படித்தான். கசெட்டுகளின் மேல் பெயர்களும் எழுதவில்லை. 'கே ஒன்று', 'கே இரண்டு' என்று குறியீடு மட்டும். (கே என்றால் கொட்டாஞ்சேனை. ஆங்கில எழுத்தில் எழுதினால் இன்னும் இரகசியமாக இருக்கும் என்று நினைத்தேன்.)

புறப்படுகிற அன்று காலையில் என் கண்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. கண்நோய். வான் சாரதிக்கும் அதுவே. மிஸ் ஒத்திப்போடச் சொன்னார். நான் கேட்கவில்லை. நெருக்கடியில் மாற்றுத் திட்டம் போடத் தெரிந்தவன் அல்லவா? நடைபாதையில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் தோற்றத்தையும் உடைமையையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. பையில் துவாயால் சுற்றிய ரேப் ரெக்கோடர். கசிந்துவிடும் என்று கழற்றித் தனியாகக் கட்டிய பற்றறிகள். ஒரு சுருள் வயர். இரகசியக் குறியீடு போட்ட கசெட்டுகள். என்னைப் பார்த்தும் பிடிக்காமல் விட்டிருந்தால் அந்தச் சிப்பாய்க்குத்தான் வேலை போயிருக்கும்.

இரத்மலானையைத் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் முறை வந்தது.

"கண்ணாடிய கலவன்ன" என்றார் சிப்பாய். கழற்றினேன். இரண்டு கொவ்வைப் பழங்கள் அவரைப் பார்த்தன. "அம்மோ!" என்று பின்னால் பாய்ந்தவர், "தாகன்ன! தாகன்ன!" என்று கத்தினார். போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போட்டுக்கொண்டேன். அடையாள அட்டையைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். படத்தோடு முகத்தை ஒப்பிட வேண்டும். அதற்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் நோய். அந்தச் சிக்கலோடு சில கணங்கள் போராடிவிட்டுத் துப்பாக்கி முனையால் பையைக் காட்டினார்.

"மே மொனவத?" இதெல்லாம் என்ன என்று கேட்கிறார்.

பற்றறிகளையும் வயரையும் பார்த்து முகம் மாறியது. கசெட்டைத் தூக்கிப் பார்த்து, "சிந்துத?" என்றார். பாட்டா என்று கேட்கிறார்.

"நே சேர்" என்றேன், உண்மையே பேசும் இளைஞன். "அம்மலா கதா கரனவா."

அம்மாமார் கதைக்கிறார்கள். அவ்வளவுதான். ஆம் பாட்டு என்று சொல்லியிருந்தால் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து சோறு சாப்பிட்டிருப்பேன்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். அவரும் கறுப்புக் கண்ணாடி. கண்நோய் அங்கேயும் கடமையில் இருந்தது. இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் எதிரெதிரே இருந்து ஒன்றையொன்று சந்தேகித்தன. தமிழ் தெரிந்தவர் என்று சார்ஜன்ட் நஸீரைக் கூப்பிட்டார்கள். தடித்த மீசை, மெல்லிய குரல். என் ரேப் ரெக்கோடரில் என் பற்றறிகளைப் போட்டு, கையில் அகப்பட்ட கசெட்டைப் போட்டார்கள். அது செல்லம்மாவுடையது.

"செல்வம், அம்மா பேசுறேன் சாமி. நல்லா இருக்கியா? மாத்தளைப் பார்ட்டி ஒத்துக்கிட்டாங்க. சாமான் ஏங்கிட்ட பத்தரமா இருக்கு. அரிசி வாளிக்கு அடியில வச்சிருக்கேன். ஒங்கப்பனுக்குக்கூடத் தெரியாது. நீ மட்டும் வந்துட்டின்னா கோயில்ல வச்சே வேலைய முடிச்சிரலாம். கூட்டம் கூடுற நாளாப் பாத்து வச்சிருக்கோம்."

சார்ஜன்ட் நஸீர் வரிவரியாகச் சிங்களத்தில் சொன்னார். வரிக்கு வரி அவருடைய குரல் இறங்கிக்கொண்டு போனது. 'கூட்டம் கூடுற நாள்' வந்தபோது பொறுப்பதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

பொறுப்பதிகாரி கேட்டதை நஸீர் தமிழில் என்னிடம் கேட்டார். "மனே, மாத்தளைப் பார்ட்டி எண்டா யாரு? சாமான் எண்டா என்ன?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் தலைக்குள் இருந்த கொள்ளுப்பிட்டி ஹோட்டல் விழித்துக்கொண்டது. "மன்னிக்கோணும் சேர்" என்றேன். "பயனாளிகளின்ர இரகசியம் பேணுறது எங்கட நிறுவனக் கொள்கை."

நஸீர் அதை மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் குனிந்து, "புள்ள, ஒனக்கு உம்மா வாப்பா ஈக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஓம்" என்றேன். "அப்ப இந்தக் கதைய இன்னொருக்காச் சொல்லாத" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்த நாட்களில் இப்படி ஒரு விசாரணைக்கென்று போய், பிறகு எந்த நிலையத்திலும் 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று சொல்லப்பட்டவர்களின் அம்மாமார் எங்கள் அலுவலக வாங்கில் இருப்பதை நாள்தோறும் பார்த்தவன் நான். அந்த வாங்கில் என் அம்மா இருப்பது போல ஒரு காட்சி வந்தது. கண்ணாடிக்குள்ளால் கண்ணீர் வழிந்தது. (கண்நோய் என்று நினைத்திருப்பார்கள். ஒருவிதத்தில் வசதி.)

நஸீர்தான் அலுவலகத்துக்கு ஃபோன் எடுக்க விட்டார். பவானி மிஸ் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். பொறுப்பதிகாரிக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"கசெட்டுகளை நீர் ஒருக்காலும் போட்டுக் கேக்கேல்லையா?"

"இல்லை மிஸ். இரகசியம்..."

"விசரா! உமக்கு மூளை எண்டு ஒண்டிருக்கா, அதுவும் இரகசியமா?"

அவர் என்னைத் திட்டிய திட்டில் பொறுப்பதிகாரியே கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஆனால் விடவில்லை. அரிசி வாளியைப் பார்த்தால்தான் முடிவு என்றார். இது ஏதோ கலியாணச் சம்பந்தக் கதை மாதிரி இருக்கிறது என்று நஸீர் சிங்களத்தில் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மாதிரி என்பது சாட்சியமாகாது. ஜீப் புறப்பட்டது. நடுவில் நான், ஒரு பக்கம் மிஸ், மறு பக்கம் துப்பாக்கி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆபத்து.

கொட்டாஞ்சேனையில் செல்லம்மாவின் வீடு நெருக்கமான வரிசையில் ஓர் அறை. ஜீப்பைக் கண்டதும் முழு வரிசையும் கதவைச் சாத்தியது. வாசலில் நின்ற செல்லம்மா முதலில் பொலிஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, புள்ளைக்கு ஏதுமா?" என்றார். முகத்தில் இரத்தம் இல்லை. "அவனுக்கு ஒண்டுமில்லை, செல்லம்மா. வாளியைத்தான் பாக்க வந்திருக்கினம்" என்று மிஸ் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. உள்ளே அவருடைய புருஷன் கண்நோயோடு, ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு பாயில் படுத்திருந்தார்.

கான்ஸ்டபிள் வாளியைப் பத்திரிகைத் தாளில் கவிழ்த்தார். அரிசிக் குவியலின் உச்சியிலிருந்து பால்மாப் பைக்குள் சுற்றிய ஒரு பொட்டலம் உருண்டது. எல்லோரும் பின்னுக்கு நகர்ந்தோம். நஸீர் மட்டும் குனிந்து, வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு பிரித்தார்.

ஒரு சோடித் தோடு. சின்னதாக ஒரு தாலி.

"மாத்தளைப் பார்ட்டி எண்டது பொண்ணு ஊட்டுக்காரங்களா உம்மா?" என்றார் நஸீர்.

"ஆமாங்கையா. திருவிழா அன்னிக்கே தாலியக் கட்டிட்டா பந்தல் செலவு மிச்சம்னு பேசி வச்சிருக்கோம்."

அதுவரை அசையாமல் கிடந்த புருஷன் ஈரத் துணியைத் தூக்கினார். ஒரு சிவந்த கண் திறந்து பொட்டலத்தின் மேல் நின்றது. "அடிப்பாவி! நம்ம வூட்டுல தங்கம் இருக்கா?"

செல்லம்மா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்குப் பொறுப்பதிகாரியின் மேசை எவ்வளவோ மேல். "பொலிசு பாத்தாப் பரவால்லீங்க தம்பி. இந்தாளு பாத்துட்டாரே! நாளைக்கே இது சாராயக் கடையில இருக்கும்." பிறகு நஸீரிடம் கையேந்தினார். "ஐயா, நீங்களே இதக் கொண்டு போயி பொலிசுல வச்சிக்குங்க. பத்தரமா இருக்கும்."

நஸீர் பதறிப்போனார். "பொலிஸ்லயா? வாணாம் உம்மா. அதுக்கு ஒங்கட புருசனே மேல்."

கடைசியில் பவானி மிஸ் அதை வாங்கிக்கொண்டார். வெளிநாட்டுக்கு அனுப்பிய எங்கள் அறிக்கைகளின் பிரதிகள் இருக்கும் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதை யாருமே திறப்பதில்லை என்பது ஊரறிந்த உண்மை.

என்னை விட்டுவிட்டார்கள். கசெட்டுகளை விடவில்லை. செல்லம்மா சொன்னதை மகனும் சொல்கிறானா என்று பார்க்க வேண்டும் என்றார் பொறுப்பதிகாரி. ஆகவே சார்ஜன்ட் நஸீர் என் ரேப் ரெக்கோடரையும் தூக்கிக்கொண்டு அரசாங்க ஜீப்பில், அரசாங்க எண்ணெயில், தடுப்பு நிலையத்துக்குப் போனார். நோய்த் தடையெல்லாம் பொலிஸுக்குக் கிடையாது. செல்வத்தை அழைத்து உட்கார வைத்து, அவனுடைய அம்மாவின் குரலைப் போட்டார்.

பிறகு ஒரு நாள் ரேப் ரெக்கோடரைத் திருப்பித் தர வந்தபோது அவரே சொன்னார். "வெசாரணைல சிரிச்ச ஆள நான் இப்பதான் கண்டேன் மனே. பொண்ணு ஊடு ஒத்துக்கிட்ட எடத்த மூணு தரம் திருப்பிப் போடச் சொன்னான். போட்டுக் குடுத்தேன்." அவருக்கும் அப்போது கறுப்புக் கண்ணாடி. யாரிடமிருந்து தொற்றியது என்று நான் கேட்கவில்லை.

அந்த விசாரணையை எழுதுவதற்குச் செல்வத்தின் கோப்பைத் திறக்க வேண்டி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. கொஞ்ச நாளில் அவனை விட்டுவிட்டார்கள். பவானி மிஸ்ஸின் மனுக்கள் எல்லாம் செய்யாததை என் முட்டாள்தனம் செய்தது. மிஸ் இதை வெளிநாட்டுக்கு எழுதும்போது முட்டாள்தனம் என்று எழுதவில்லை. 'ஒலிவழிப் பரிந்துரை, பாதுகாப்புத் தரப்பின் ஒத்துழைப்புடன்' என்று எழுதினார். இதே முறையை மற்ற மாவட்டங்களிலும் செய்யலாமா என்று அவர்கள் ஆவலோடு கேட்டார்கள். மிஸ் அந்த ஃபக்ஸையும் அதே அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

கலியாணம் கொட்டாஞ்சேனைக் கோயிலில் நடந்தது. செல்லம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மாத்தளையிலிருந்து வந்திருந்த சம்பந்திகள் முன்னால் நிறுத்தினார். கசெட் என்ற சொல் அவருடைய மகிழ்ச்சியில் எங்கோ விழுந்துவிட்டது.

"இவருதாங்க நம்ம செல்வத்த பொலிசுல போட்டுக் குடுத்த தம்பி!"

சம்பந்தி நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார். பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. பாயாசம் எனக்கு முந்தியவரோடு நின்று, எனக்குப் பிந்தியவரிடம் மறுபடி தொடங்கியது. எதிரே இருந்த பவானி மிஸ் சிரிப்பை அடக்க இலைக்கு மேல் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

அந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னவரும் மிஸ்தான். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். போன வருடம் எங்கள் மகள் தான் விரும்பிய பையனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "தம்பி, மாமாவோட பாத்துக் கதையுங்கோ. அந்தக் காலத்தில ஒரு மாப்பிளையைப் பொலிசில போட்டுக் குடுத்தவர்" என்றாள். இப்போது அவன் எங்கள் மருமகன். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன். என்னோடு மழையைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறான்.